விமானம் ஓட்டக் கற்க ஆகும் செலவு: ஒரு பயிற்றுநரின் பதில்கள்

கேள்வி: மகன் பள்ளி இறுதியாண்டில் படிக்கிறான். விமானியாக மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று ஒரே தொகையாகச் சொல்ல முடியுமா, ஐயா?

சொல்லலாம், அம்மா, ஆனால் அப்படிச் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது. தொகையைக் கேட்பதற்கு முன், எத்தனை மணி நேரப் பறப்பை வைத்து அது கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் எல்லா நாட்டு விதிகளுக்கும் அடிப்படையாக இருப்பது ஐகாவோ என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரநிலை. ஊதியம் பெறாமல் பறப்பதற்கான தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம், ஊதியத்துக்குப் பறக்க அனுமதிக்கும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150 மணி நேரம் என்று அது வரையறுக்கிறது. அமெரிக்காவில் வணிக உரிமத்துக்குப் பொதுவாக 250 மணி நேரம் கேட்கிறார்கள். ஐரோப்பிய விதிகளில் தனியார் உரிமத்துக்கே 45 மணி நேரம் வேண்டும்.

இவை அனைத்தும் குறைந்தபட்ச அளவுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. 40 மணி நேரத்தில் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் அரிது. ஆனால் விளம்பரத்தில் வரும் கட்டணம் அநேகமாக அந்தக் குறைந்தபட்ச அளவை வைத்தே போடப்பட்டிருக்கும். முதல் உரிமத்துக்கு 60 மணி நேரத்துக்காவது பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்குபவர்களே பாதியில் நின்றுவிடாமல் முடிக்கிறார்கள்.

கேள்வி: பயிற்சி விமானங்கள் சிறியவை, பழையவை. அப்படியிருந்தும் ஒரு மணி நேரக் கட்டணம் ஏன் இவ்வளவு அதிகம்?

உலகெங்கும் பயிற்சிக்கு மிகுதியாகப் பயன்படும் செஸ்னா 172 ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 முதல் 35 லிட்டர் வரை ஏவ்காஸ் என்னும் விமானப் பெட்ரோலைக் குடிக்கிறது. இந்த அளவை 60 மணி நேரத்தாலும், உங்கள் ஊரில் அதன் விலையாலும் பெருக்கிப் பாருங்கள். சுமார் 2,000 லிட்டருக்கான பணம் அதிலேயே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத செலவு எஞ்சினில் இருக்கிறது. இவ்வகை எஞ்சின்களைச் சுமார் 2,000 மணி நேர ஓட்டத்துக்குப் பின் முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. பயிற்சிக்கு வாடகையாக விடப்படும் விமானங்களுக்கு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆய்வும் உண்டு. ஆகவே நீங்கள் பறக்கும் ஒவ்வொரு மணி நேரக் கட்டணத்திலும் இந்தச் செலவுகளுக்கான ஒரு பங்கு அடங்கியிருக்கிறது. காப்பீடும் பயிற்றுநர் ஊதியமும் இவற்றுக்கு மேல்.

விமானம் பழையதாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். பராமரிப்புப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் காட்டத் தயங்கும் பள்ளியில் சேராதீர்கள்.

கேள்வி: வானில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம். ரசீதில் 1.4 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். இது சரியா?

பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விமானியின் முன்பலகையில் ஹாப்ஸ் மீட்டர் என்ற சிறிய கருவியைப் பார்த்திருப்பீர்கள். கடைசி இலக்கம் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். பெரும்பாலான விமானங்களில் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே அது எண்ணத் தொடங்கிவிடும். ஓடுபாதை முனையில் நின்று, முன்னால் உள்ள மூன்று விமானங்கள் புறப்படும்வரை காத்திருக்கும்போதும் அந்த இலக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். சில பள்ளிகள் எஞ்சின் சுழற்சியை அளக்கும் டாக் மீட்டரை வைத்துக் கணக்கிடுகின்றன. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மெதுவாகவே நகரும் என்பதால் மாணவருக்குச் சற்று லாபம். எந்த மீட்டர், எரிபொருள் அடங்கிய கட்டணமா என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் இரு பள்ளிகளின் கட்டணத்தை ஒப்பிடவே முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தரையில் உருளும் நேரமும் விதிப்படி பறப்பு நேரமாக லாக்புக் என்னும் பறப்புப் பதிவேட்டில் ஏறும். ஆகவே நெரிசலான விமான நிலையத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் 20 நிமிடம் தரையிலேயே கழிந்தால், 45 பாடங்களில் 15 மணி நேரம் போய்விடும். எண்ணிக்கை கூடியிருக்கும், கை பழகியிருக்காது. நெரிசல் குறைந்த நிலையத்தில் உள்ள பள்ளி சற்றுத் தொலைவாக இருந்தாலும் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே மாதத்துக்கு இரண்டு முறை பறந்து கற்றுக்கொள்ளலாமா?

கற்கலாம், ஆனால் செலவு கூடும். இரண்டு வாரம் இடைவெளி விட்டு வருபவருக்கு, பாடத்தின் முதல் பாதி கடந்த முறை பழகியதை மீட்டெடுப்பதிலேயே கழிகிறது. சீராகத் தரையிறங்கும் கைவாகு பிடிபடும் கட்டத்தில் இடைவெளி விழுந்தால் இழப்பு இன்னும் அதிகம். முதலில் பணத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு வாரத்துக்கு மூன்று முறை பறப்பதே மலிவான வழி. காத்திருக்கும் மாதங்களில் வானிலையியல், வழிகாண்டல், விதிமுறைகள் ஆகிய எழுத்துத் தேர்வுகளை முடித்துவிடலாம். அவற்றுக்கு எரிபொருள் தேவையில்லை.

கேள்வி: மருத்துவப் பரிசோதனையை எப்போது செய்துகொள்வது?

எந்தக் கட்டணமும் செலுத்துவதற்கு முன். தொழில்முறை விமானியாக விரும்பினால் நேரடியாக முதல் வகுப்புச் சான்றுக்கே செல்லுங்கள். கண், செவி, இதயம் எதிலாவது சிக்கல் இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

கேள்வி: முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி தருவதாகப் பள்ளி சொல்கிறது.

கட்டாதீர்கள். பயிற்சிப் பள்ளிகள் திடீரென மூடப்பட்டு, மாணவர்கள் பணத்தையும் பதிவேடுகளையும் இழந்து நின்ற நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. சில மணி நேரங்களுக்கு மட்டும் கட்டி, அது தீர்ந்ததும் அடுத்ததைக் கட்டுங்கள். தவணை முறையையே ஏற்காத பள்ளியின் நிதிநிலையை நான் சந்தேகிப்பேன். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் கையொப்பத்துடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணிக உரிமம் வாங்கியவுடன் விமான நிறுவனத்தில் வேலை கிடைக்குமா? டைப் ரேட்டிங்கையும் சேர்த்தே முடித்துவிடலாமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில், 2009-இல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த கோல்கன் ஏர் நிறுவன விமான விபத்துக்குப் பின் கொண்டுவரப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. அந்த விபத்தில் இறந்த இரு விமானிகளும் 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் என்பதால், விதியின் பொருத்தம் இன்றும் விவாதிக்கப்படுகிறது. அங்கு பலர் பயிற்றுநராகப் பணியாற்றி, ஊதியம் பெற்றுக்கொண்டே மணி நேரங்களைச் சேர்க்கிறார்கள். ஆதலால் பயிற்றுநர் தகுதிக்குச் செலவிடும் பணம் திரும்பி வரக்கூடியது. வேறு பல நாடுகளில் சுமார் 200 மணி நேரத்துடனேயே துணை விமானியாகச் சேர வழியுண்டு.

டைப் ரேட்டிங் என்பது ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட ரகத்தை ஓட்டுவதற்கான தகுதி; பெரும்பகுதி விமானத்தின் அசைவுகளைத் தரையிலேயே உணர்த்தும் சிமுலேட்டர் கருவியில் நடக்கும். கையில் வேலை உறுதி இல்லாமல் இதைச் சொந்தப் பணத்தில் முடிக்காதீர்கள். நீங்கள் போயிங்குக்குக் கற்றிருக்க, ஆள் எடுக்கும் நிறுவனம் ஏர்பஸ் வைத்திருக்கலாம். ஐரோப்பிய விதிகளில் அத்தகுதி ஓராண்டுக்கே செல்லுபடியாகும். வேலை தேடும் காலம் அதைத் தாண்டினால், புதுப்பிப்பதற்கு மீண்டும் சிமுலேட்டர் வாடகை கட்ட வேண்டியிருக்கும். நிறுவனமே பயிற்சி தந்து, குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கினால், இடையில் விலகுபவர் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அது ஆண்டுதோறும் குறையுமா என்ற பத்தியை முதலில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.