ஒத்திகையும் அதற்குப் பின் வரும் வேலையும்

அன்புள்ள ஐயா,

2022 டிசம்பர் 27 அன்று நாடு முழுவதும் மருத்துவமனைகளில் கொரோனா ஒத்திகை நடத்தி, ஆக்சிஜன் வசதியையும் படுக்கைகளையும் சரிபார்த்தார்கள். பிரிட்டன் 2016லேயே பெரிய ஒத்திகை நடத்தியும் 2020இல் தடுமாறியது. அப்படியானால் ஒத்திகைகளால் என்ன பயன்?

மருத்துவ மாணவி ஒருவர், திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு வகை. கருவிகளைச் சரிபார்ப்பது அவசியம்தான். அதற்கு மருத்துவமனை ஊழியர்களே போதும். ஒரு துறை எடுக்கும் முடிவு இன்னொரு துறையின் தலையில் எவ்வளவு சுமையை இறக்கும் என்பதைக் காட்டுவதே பெருந்தொற்று ஒத்திகையின் வேலை.

பிரிட்டனில் 2016 அக்டோபரில் மூன்று நாள் நடந்த ‘சிக்னஸ்’ ஒத்திகை, கடும் ஃப்ளூ பரவி ஏழாவது வாரம் நடப்பதாகக் கற்பனை செய்துகொண்டது. சுகாதாரத் துறையினர், உள்ளாட்சியினர், சிறைத் துறையினர் என 950க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மருத்துவமனைகள் நிரம்பினால் நோயாளிகளை முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மாற்றலாம் என்ற திட்டத்தைக் கேட்ட உள்ளூர் அலுவலர்கள், அந்த இல்லங்களால் இதைத் தாங்க முடியுமா என்று அங்கேயே கவலை தெரிவித்தனர். மருத்துவர்கள் மட்டும் கூடிய அறையில் அந்தக் கேள்வி எழுந்திருக்குமா என்பது ஐயமே. 2020 மார்ச் நடுவிலிருந்து ஒரே மாதத்தில் சுமார் 25,000 பேர் அப்படி மாற்றப்பட்டனர். அனுப்புமுன் அனைவருக்கும் பரிசோதனை என்ற அறிவிப்பு ஏப்ரல் 15இல்தான் வந்தது.

ஆகவே சிக்னஸ் தன் கடமையைச் செய்தது என்றே நான் கருதுகிறேன். அது தந்த 22 பாடங்களில் எட்டு மட்டுமே 2020 ஜூன் தொடக்கத்தில் முழுமையாக நிறைவேறியிருந்தன. அறிக்கையை அரசு 2020 அக்டோபரில்தான் வெளியிட்டது. எச்சரிக்கை கையில் இருந்தும் முதியவர்கள் மாண்டதை என்னால் ஆறிப்போன செய்தியாகப் படிக்க முடியவில்லை.

நம் நாட்டில் 2024 ஆகஸ்டு இறுதியில் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் நடந்த ‘விஷாணு யுத்த அப்யாஸ்’ (வைரஸ் போர்ப் பயிற்சி) என்ற ஒத்திகை சரியான திசையில் வைத்த அடி. விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவும் நோய் ஒன்றைக் கற்பனையாக வைத்து, மனித நலம், கால்நடை, வனவிலங்கு ஆகிய துறைகளின் வல்லுநர்கள் ஒரே குழுவாகக் களமிறங்கினர். கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லுக்கும் இது பொருந்தும்: கோழிகள் சாவதை முதலில் அறிபவர் கால்நடை மருத்துவர், காய்ச்சலோடு வரும் பண்ணைத் தொழிலாளியை முதலில் பார்ப்பவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். நோய் பரவிய பிறகுதான் அவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலாக அழைக்க வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது.

மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் நாடு தழுவிய ஒத்திகை நடத்தி முடிவுகளை வெளியிட வேண்டும் என்று பிரிட்டனின் கொரோனா விசாரணைக் குழு 2024 ஜூலையில் பரிந்துரைத்தது. உங்கள் கல்லூரியில் அடுத்த ஒத்திகை நடக்கும்போது, அங்கே கண்ட குறைகளை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுத்தில் கேளுங்கள்.