பந்தைப் பிடுங்குங்கள், பையனை விடுங்கள்

கேள்வி: செம்பூரில் எங்கள் சந்தில், கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கும் 'கேடி' (caddie) வேலைக்குப் போகும் பையன்கள் கம்பியை வளைத்து வைத்துக்கொண்டு கோல்ஃப் ஆடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் புல்வெளி கேட்கிற ஆட்டத்தைச் சாக்கடை ஓரத்தில் ஆடுவது கேலிக்கூத்து இல்லையா? இப்போது என் மகனும் யாரோ கொடுத்த நிஜக் கோல்ஃப் பந்தோடு கிளம்புகிறான். தடுக்கவா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: கேலிக்கூத்தா? அமெரிக்காவின் ஆல்பனி நகரம் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில், கோல்ஃபின் பங்காளியான 'கொல்ஃப்' ஆட்டத்தைத் தெருவில்தான் ஆடினார்கள். சன்னல் உடைகிறது, ஆட்கள்மேல் படுகிறது என்று ஊரார் முறையிட, 1659-ல் தடை போட்டு 25 கில்டர் (டச்சு நாணயம்) அபராதமும் வைத்தார்கள். புல் இல்லை என்று அங்கே யாரும் குறைப்படவில்லை. வம்பு பந்தால் வந்தது. உங்கள் வீட்டிலும் அதேதான்.

நிஜப் பந்து 46 கிராமுக்குள்தான் இருக்கும், ஆனால் கல் மாதிரி. சுமாராக ஆடுகிறவர் 'டிரைவர்' என்ற நெடுந்தூர மட்டையால் அடித்தாலே மணிக்கு 200 கி.மீ. தாண்டும். சந்துச் சுவரில் பட்டால் அடித்தவர் முகத்துக்கே திரும்பும். உங்கள் சந்துப் பையன்களுக்கு இது தெரியும். அதனால்தான் பிளாஸ்டிக் பந்து. ஓட்டை போட்ட பயிற்சிப் பந்தானால் காற்றே அதை இழுத்துப் பிடிக்கும். ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய நாற்பது மீட்டரில் சோர்ந்து விழும்.

மட்டையையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 8 எம்.எம். கட்டுமானக் கம்பி மீட்டருக்கு 395 கிராம். கடையில் வாங்கும் 'அயர்ன்' என்ற உலோகத் தலை மட்டையின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 10 எம்.எம். என்றால் 617 கிராம், பையன்கள் தோள் தாங்காது. நுனியை நெருப்பில் பழுக்கவைத்து வளைத்து, தட்டையாக அடித்து, பந்தில் படும் முகத்தைச் சற்று மல்லாத்த வேண்டும். இல்லாவிட்டால் பந்து எழும்பாமல் தரையோடு ஓடும். அடித்ததும் தண்ணீரில் முக்கக்கூடாது, வளைவில் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது கைப்பிடியில். அரை அங்குல ரப்பர் குழாயை அப்படியே மாட்டினால் லொடலொடவென்று சுழலும், வீச்சில் மட்டையே பறக்கும். முதலில் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் குழாயை ஏற்றுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும்.

அடுத்தது தரை. புல்லில் மட்டை மண்ணைக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகும். கான்கிரீட் அசையாது, அதிர்ச்சி மணிக்கட்டுக்கு வரும். பந்துக்கு அடியில் கால்மிதித் துண்டு ஒன்று போதும். பந்து சாக்கடையில் விழுந்தால் தண்டமாகக் கணக்கில் ஒரு ஷாட் கூட்டிக்கொண்டு, வெளியே வைத்து ஆடட்டும். ஆள் வந்தால் வீச்சு நிற்கவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த நிஜப் பந்தைத் தூக்கிப்போட வேண்டாம். கோல்ஃப் மைதானத்தில் பந்து விழவேண்டிய குழியின் விட்டம் 108 மி.மீ. ஏறக்குறைய அந்த வாயளவுள்ள டப்பாவைக் கூடத்தில் படுக்கப்போட்டு, பாய்மேல் உருட்டிப் பழகட்டும்.