அசல் கியூபச் சாப்பாடு – கடிதம்

வணக்கம் சார்,

நான் ஃப்ளோரிடாவில் டாம்பாவில் வசிக்கிறேன். சமீபத்தில் நானும் கணவரும் மயாமி போயிருந்தோம். அங்கே கியூபர்கள் குடியேறிய லிட்டில் ஹவானா பகுதியில் ஒரு பெரிய கியூப உணவகம். வாசலிலேயே 'அசல் கியூப உணவு' என்று எழுதிவைத்திருந்தார்கள். நார்நாராகப் பிய்த்த மாட்டிறைச்சி, கறுப்பு பீன்ஸ், வெள்ளைச் சோறு, வறுத்த வாழைப்பழம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காரம் என்ற பேச்சே இல்லை. கணவர் ஹாட் சாஸ் கேட்டார். பரிமாறிய அம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ ஒரு புட்டியைத் தேடி எடுத்துவந்தார்.

ஊர் திரும்பி அலுவலகத்தில் இதைச் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கியூபத் தலைநகர் ஹவானாவில் பிறந்து வளர்ந்தவர், இங்கே வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. "அந்த மாட்டிறைச்சியை நான் முதன்முதலில் சாப்பிட்டதே ஃப்ளோரிடாவில்தான்" என்று சிரித்தார். அப்படியானால் நாங்கள் சாப்பிட்டது என்ன? சுற்றுலாக்காரர்களுக்காக ஜோடித்ததா? மயாமி பற்றி எழுதியபோது நீங்கள் அந்தச் சாப்பாட்டைப் புகழ்ந்திருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். இன்னொன்று, ஊரிலிருந்து அம்மா வருகிறார். சுத்த சைவம். அவரை இப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப்போகலாமா?

கே., டாம்பா

*

அன்புள்ள கே.,

ஜோடித்தது இல்லை. நீங்கள் சாப்பிட்டது 1958ஆம் வருடத்து ஹவானாவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அதுவும் எல்லார் வீட்டுச் சாப்பாடும் அல்ல, கையில் நாலு காசு இருந்தவர்கள் வீட்டுச் சாப்பாடு. உங்கள் அலுவலக நண்பர் சொன்னதும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றதும் தீவைவிட்டு முதலில் கிளம்பியவர்கள் டாக்டர்கள், வக்கீல்கள், ஆலை முதலாளிகள், கடை வைத்திருந்தவர்கள். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவர்கள். நிலத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தார்கள், நாக்கை விட்டுவிட்டு வரவில்லை. கையே ஓச்சோ என்கிற எட்டாம் தெருவில் ஃபெலிப்பே வால்ஸ் 1971இல் திறந்த வெர்சாய் உணவகம் அவர்களுடைய ஊர்ச்சாவடி மாதிரி. சுவரெல்லாம் கண்ணாடி, தொங்கும் விளக்குகள், பத்துப் பக்கத்துக்குக் குறையாத மெனு. 2016 நவம்பரில் ஃபிடல் காஸ்ட்ரோ இறந்த செய்தி வந்த இரவில் கூட்டம் கூடிப் பாத்திரத்தைத் தட்டிக் கொண்டாடியதும் அதன் வாசலில்தான். நம்மூரில் ஆட்டோவின் முதுகிலெல்லாம் சே குவேராவை ஒட்டியிருப்போம். காஸ்ட்ரோவின் தோழர் அவர். அந்தப் படம் போட்ட சட்டையோடு அங்கே சாப்பிடப் போகாதீர்கள், யாரும் பரிமாற வரமாட்டார்கள், காபி ஆறிவிடும்.

அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது மாட்டிறைச்சி சமையல். ரோபா வியேஹா என்று நீங்கள் சாப்பிட்ட பண்டத்துக்கு மாட்டின் அடிவயிற்றுப் பக்கத்துக் கறி வேண்டும். நீளநீளமாக நார் ஓடுவது அந்த இடத்தில்தான். அதை முழுசாக வேகவைத்து, ஆறியதும் கையாலேயே பிய்த்து, வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, தக்காளி, சீரகம், பிரிஞ்சி இலை எல்லாம் வதக்கிய மசாலாவில் மறுபடி போட்டு அடங்க விடுவார்கள். நேரம் பிடிக்கிற வேலை. புரட்சிக்கு முன் கியூபாவில் ஏறத்தாழ ஆளுக்கொரு மாடு இருந்தது என்று மயாமிக்காரர்கள் சொல்வார்கள். கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த மாட்டை யார் சாப்பிட்டார்கள்? 1956-57இல் ஒரு கத்தோலிக்க மாணவர் அமைப்பு கியூபக் கிராமங்களில் கூலித்தொழிலாளர் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. புரட்சிக்காரர்கள் எடுத்த கணக்கல்ல இது. வழக்கமாக இறைச்சி சாப்பிடுகிறோம் என்றவர்கள் 4 சதவீதம். பால் என்றவர்கள் 11 சதவீதம். கரும்பு வெட்டியவன் வீட்டில் ரோபா வியேஹா அன்றைக்கே கிடையாது. அங்கே சோறு, பீன்ஸ், கிழங்கு.

1962 மார்ச்சில் ரேஷன் வந்தது. லிப்ரெத்தா என்று ஒரு சின்னப் புத்தகம். அரிசி, பீன்ஸ், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அதில் குறித்துக்கொண்டுதான் கிடைக்கும். நம் குடும்ப அட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாடு அரசின் கணக்குக்குப் போனது. விவசாயி தானே வளர்த்த மாட்டைத் தானே அறுத்தால் ஜெயில், அதுவும் வருடக்கணக்கில். 2021இல்தான் இதைத் தளர்த்தினார்கள், அதுவும் அரசுக்குத் தரவேண்டியதைத் தந்த பிறகு மிச்சத்தை விற்கலாம் என்ற அளவில். உங்கள் நண்பர் வளர்ந்த ஹவானாவில் மாட்டிறைச்சி என்பது ஓட்டலுக்கு வரும் வெளிநாட்டுக்காரன் சாப்பிடுவது, அல்லது கதவைச் சாத்திக்கொண்டு வாங்குவது.

சோவியத் யூனியன் 1991இல் சரிந்ததும் அதன் எண்ணெயும் கோதுமையும் நின்றுபோயின. அந்த வருடங்களைப் பற்றி எந்தக் கியூபரிடம் கேட்டாலும் ஒரு பண்டத்தைச் சொல்வார். பம்பளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டின் சதையை எடுத்துவிட்டு, அந்தத் தடித்த வெள்ளைத் தோலைக் கசப்புப் போக வேகவைத்து, பூண்டு தடவி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, அதற்கு 'ஸ்டேக்' என்று பெயர் வைத்துச் சாப்பிட்டார்கள். இதையும் கியூபச் சமையல் என்றுதான் சொல்லவேண்டும். எந்த உணவகமும் இதை மெனுவில் போடாது.

1990களில் வீட்டிலேயே உணவகம் நடத்த அனுமதித்தார்கள். பலதார் என்று பெயர். பன்னிரண்டு நாற்காலிக்கு மேல் போடக்கூடாது, மாட்டிறைச்சியும் சிங்க இறாலும் பரிமாறக்கூடாது என்றெல்லாம் சட்டம். போகப்போகத் தளர்ந்தது. ஹவானாவில் ஒரு பழைய மாளிகையின் மாடியில் 1996இல் தொடங்கிய லா குவாரிதா இன்று உலகப் புகழ் பெற்ற இடம். இப்படிப்பட்ட இடங்களில் இன்று அருமையாகச் சமைக்கிறார்கள். மாட்டுக்குப் பதில் ஆட்டிறைச்சியில் ரோபா வியேஹா செய்யும் பலதார்களும் உண்டு. ஆனால் ஒரு மேசைக்கு வரும் பில், அந்த ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியரின் மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். அவர் உள்ளே வரப்போவதில்லை. அவருக்கான கணக்கு வேறு. 2024 செப்டம்பரில் ரேஷன் ரொட்டியின் எடையை 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கியூபாவோடு வியாபாரம் செய்யக்கூடாது என்ற அமெரிக்கத் தடை அறுபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஆனால் உணவு விற்கலாம் என்று 2000இல் ஒரு சட்டவிலக்கு கொடுத்தார்கள். அதன்படி அமெரிக்கா கியூபாவுக்கு விற்பதில் முதலிடம் உறைந்த கோழிக்காலுக்கு. ஆக ஹவானா வீட்டில் கொதிக்கும் கோழி பெரும்பாலும் அமெரிக்கக் கோழி. தடையா, அரசின் விவசாயக் கொள்கையா, எது காரணம் என்று மயாமியும் ஹவானாவும் இன்னும் சண்டை போடுகின்றன. இரண்டும்தான் என்பது என் எண்ணம். நல்ல மண்ணும் மழையும் உள்ள தீவு தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைக் கப்பலில் எதிர்பார்ப்பதற்குத் தடை ஒன்றை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, உங்கள் நண்பரிடம் திரும்பி வருவோம். அவருக்கு எது ஊர்ச் சாப்பாடு என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக பீட்சா என்பார். சிரிக்காதீர்கள். ஹவானாவில் வீட்டு ஜன்னல் வழியாக விற்கும் பீட்சா, தடித்த மெத்தென்ற மாவு, கொஞ்சம் சாஸ், மேலே கிடைத்த பாலாடைக்கட்டி. இரண்டாக மடித்து ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்துக் கொடுப்பார்கள், எண்ணெய் மணிக்கட்டு வரை ஒழுகும். புரட்சிக்குப் பிறகு பரவியது அது. 1961இல் கிளம்பிப்போன டாக்டருக்கு அது தெரியாது. இப்போது மயாமியை ஒட்டிய ஹையலீயாவில் 'கியூபப் பீட்சா' என்று பலகை போட்ட கடைகள் இருக்கின்றன, புதிதாக வந்தவர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். வெர்சாயின் பழைய வாடிக்கையாளர் அந்தப் பலகையைப் பார்த்தால் முகம் சுளிப்பார். இவர்கள் ஏங்குவது இவர்கள் விட்டுவந்த ஊருக்காக, அவர் ஏங்குவது அவர் விட்டுவந்த ஊருக்காக. நான் அந்தச் சாப்பாட்டைப் புகழ்ந்தது அது அசல் என்பதற்காக அல்ல. நன்றாகச் சமைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மயாமியில் எனக்கு மிகவும் பிடித்தது உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டதல்ல, வெளிச்சுவரில் இருக்கும் ஜன்னல். வெந்தானித்தா என்பார்கள். நின்றபடி காபி வாங்கிக் குடிக்கும் இடம். அங்கே காபி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். ஒரு குவளையில் நிறையச் சர்க்கரை. இயந்திரத்திலிருந்து முதலில் சொட்டும் கெட்டி டிகாக்‌ஷனில் ஒன்றிரண்டு கரண்டியை மட்டும் அதில் விட்டு, வெளிர்ப் பழுப்பாக நுரைத்து வரும்வரை கரண்டியால் அடிக்கிறார்கள். மிச்ச டிகாக்‌ஷனை அதன் மேல் ஊற்றினால் நுரை மேலே எழும்பி நிற்கிறது. கொலாதா என்று கேட்டால் ஒரு பெரிய கோப்பையும், விரல் நுனி அளவு பிளாஸ்டிக் கிண்ணங்கள் நாலைந்தும் தருவார்கள். அது ஒருவர் குடிக்க அல்ல, பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க. நான் தெரியாத்தனமாக முழுவதும் குடித்துவிடுவேனோ என்று அருகில் நின்ற ஒரு தாத்தா கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஊற்றினேன். அப்புறம் பேச்சு வளர்ந்தது, அரசியல்தான்.

காரம் பற்றி. கரீபியன் என்றதும் ஜமைக்காவின் மிளகாயை எதிர்பார்க்கிறோம். கியூபச் சமையலில் மிளகாய்க்கு வேலை இல்லை. அஹி கச்சுச்சா என்று ஒரு குட்டி மிளகாய் உண்டு, பார்த்தால் பயங்கரமாக உறைக்கும் ஹபனேரோ மிளகாய் மாதிரியே இருக்கும். வாசனை மட்டும்தான், உறைப்பு கிடையாது. அவர்கள் நாக்கு தேடுவது பூண்டையும் புளிப்பையும். மோஹோ என்ற சாறில் கசப்பு ஆரஞ்சு, நசுக்கிய பூண்டு, சீரகம், ஓரிகானோ. அந்த ஆரஞ்சில் புளிப்புக்கு அடியில் மெல்லிய கசப்பு ஓடும். பன்றி இறைச்சியை இரவு முழுக்க அதில் ஊறவைத்துச் சுடுகிறார்கள். அதன் மேல் ஹாட் சாஸை ஊற்றினால் அந்தக் கசப்பு காணாமல் போய்விடும். அந்த அம்மாள் உங்கள் கணவரைப் பார்த்த பார்வை நியாயமானது.

மயாமி வரை போனீர்கள், டாம்பாவிலேயே இருப்பதை விட்டுவிட்டீர்கள். ஈபோர் சிட்டியில் கொலம்பியா உணவகம் 1905இலிருந்து நடக்கிறது, கியூபாவிலிருந்து வந்தவர் தொடங்கியது. 1880களில் சுருட்டுத் தொழிற்சாலைகளோடு வந்து குடியேறியவர்கள் டாம்பாக் கியூபர்கள். ஃபிடலுக்கு எத்தனையோ வருடம் முன்னால். பக்கத்துத் தெருவில் இத்தாலியர்கள் இருந்ததால் அங்கே கியூப சாண்ட்விச்சில் சலாமி என்ற இத்தாலியப் பதப்படுத்திய இறைச்சியும் வைப்பார்கள். மயாமிக்காரர்களுக்கு அது குற்றம். நான் டாம்பா கட்சி.

அம்மா விஷயம்தான் கொஞ்சம் கவனம். கியூபச் சமையலில் பன்றிக்கொழுப்பு ஒளிந்திருக்கும். கறுப்பு பீன்ஸ் சைவமாகத் தெரியும், சில இடங்களில் சைவமேதான், சில இடங்களில் பன்றித்துண்டு போட்டு வேகவைத்திருப்பார்கள். சோறும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த மோரோஸ் வேண்டாம். ஒன்றும் அறியாததுபோல் இருக்கும் கியூப ரொட்டியிலேயே கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'மந்தேக்கா இருக்கிறதா?' என்று கேளுங்கள், அதுதான் பன்றிக்கொழுப்புக்கு அவர்கள் சொல்லும் பெயர். வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தோஸ்தோனெஸ் இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே வெந்திருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள். வெள்ளைச் சோறு, வெண்ணெய்ப்பழமும் வெங்காயமும் போட்ட சாலட், எண்ணெய் ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு என்றால் பயம் குறைவு, ஆனாலும் மந்தேக்கா கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மரவள்ளி அந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. அதன் மாவில் சுடும் கசாபே என்ற அப்பத்தை யுனெஸ்கோ 2024இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஃப்ளான் என்ற இனிப்பில் முட்டை உண்டு, முன்பே சொல்லிவிடுங்கள். மமே என்ற பழத்தைப் பாலில் அடித்துத் தருவார்கள், நம் சப்போட்டாவின் குடும்பம், அம்மாவுக்குப் பிடிக்கும். கரும்புச்சாறும் கிடைக்கும், ஆனால் இஞ்சி போட்டிருக்க மாட்டார்கள்.

அன்புடன்.