கூடிச் சுட்டுச் சாப்பிட எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: சவூதியில் வேலை பார்க்கும் என் காக்கா (அண்ணன்) அடுத்த மாதம் விடுப்பில் ஊருக்கு வருகிறார். உறவினர்களும் நண்பர்களுமாக இருபத்தைந்து பேரை அழைத்து, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மீனும் கோழியும் சுட்டுப் பரிமாற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே நண்பர்களோடு பயன்படுத்துவதைப் போன்ற எரிவாயு பார்பிக்யூ அடுப்பு ஒன்றை இணையத்தில் பார்த்து அனுப்பியிருக்கிறார். விலை முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். வாங்கலாமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்டு முழுவதும் தொலைவில் இருந்துவிட்டு வருகிறவர், தன் கையால் சுட்ட மீனை எடுத்துத் தன் மக்களின் சஹனில் (பலர் கூடி உண்ணும் பெரிய தட்டில்) வைக்க நினைக்கிறார். அந்த ஆசைக்கு எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதற்குத் தேவையானவை நல்ல தணல், நல்ல மீன், வந்தவர்களோடு பேசிக்கொண்டே அவர் நின்று வேலை பார்க்க வசதியான இடம் ஆகிய மூன்றும்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வெளியே எடுக்கப்படும் எரிவாயு அடுப்பை மற்ற நாள்களில் நம் கரையின் உப்புக் காற்று அரித்துவிடும், பர்னரின் துளைகள் துருவால் அடைபட்டுப்போகும். போதாக்குறைக்கு, வெளிநாட்டு மாடலின் குழாயும் ரெகுலேட்டரும் நம் வீட்டுச் சிலிண்டருக்குப் பொருந்துமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கரி அடுப்பே போதும். ஆனால் அளவைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். 300 கிராம் எடையுள்ள விளைமீன் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம் இருக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கம்பித்தட்டில், திருப்பிப் போடுவதற்கு இடம் விட்டு அடுக்கினால் ஆறு மீன்தான் பிடிக்கும். ஒரு ஈடு வேக இருபது நிமிடம் என்று வைத்தால், இருபத்தைந்து பேருக்கும் மீன் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை உங்கள் காக்கா அடுப்பை விட்டு நகர முடியாது. ஆகவே பெரிய அடுப்பு ஒன்றைவிட நடுத்தர அடுப்புகள் இரண்டு நல்லவை: ஒன்றில் மீன், இன்னொன்றில் குறைந்த தணலில் மெதுவாக வேக வேண்டிய கோழி. இரண்டாவது அடுப்பில் மச்சான்களில் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து நிற்பார். இந்த விருந்தின் மகிழ்ச்சியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்தால் கடை அடுப்பைவிட உறுதியாக அமையும். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, கீழ்ப்பக்கத்தில் காற்றுத் துளைகள், குனியாமல் நின்று சுடும்படி இடுப்பளவு உயரம், தட்டை ஏற்றி இறக்க இரண்டு படிகள் ஆகியவற்றைக் கேளுங்கள். உட்புறத்தில் பெயின்ட் அடிக்கவே கூடாது. பழைய பீப்பாயை இரண்டாக அறுத்துத் தருகிறேன் என்று சொன்னால், அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாத நிலையில் ஏற்காதீர்கள். வேலிக்கும் கூண்டுக்கும் விற்கும் ஜி.ஐ. வலையை (துத்தநாகம் பூசிய இரும்பு வலையை)த் தட்டாகப் போடுவதையும் அனுமதிக்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு 419 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், விசிறிவிட்ட தணலோ அதைவிடச் சூடாக எரிவது. எலுமிச்சையும் புளியும் சேர்ந்த மசாலா பட்டாலும் துத்தநாகம் கரைந்து உணவில் இறங்கும், வாந்தியும் வயிற்றுவலியும் வரும்.

எவர்சில்வர் தட்டு வாங்கும்போது, காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது 304 என்ற உயர்ந்த வகை எவர்சில்வர் என்று கடைக்காரர் காட்டினால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். விலை குறைந்த 202 வகையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரமான பொருளை விற்கிறவர் அதற்குத் தயங்கமாட்டார்.

கேள்வி: பெரிய கடைகளில் 'பார்பிக்யூ கரி' என்று சிறு பைகளில் விற்கிறார்கள். ஊர்ப்பக்கம் மூடைக் கரி மலிவாகக் கிடைக்கிறது. சென்ற முறை மூடை வாங்கினோம். பற்றவே வெகுநேரம் ஆனது, புகையில் குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்கள், மூடையின் அடியில் பார்த்தால் வெறும் தூள். எதை வாங்குவது? (ராமநாதபுரம் வாசகி)

பதில்: மூடைக் கரியையே வாங்குங்கள் அம்மா, ஆனால் பார்த்து வாங்குங்கள். கரிக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு, பைக்கும் அச்சுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே போகும் காற்றைக் குறைத்துப் பல நாள் புழுங்க எரிப்பதுதான் கரிமூட்டம். அப்படி எரியும்போது விறகின் ஈரமும் புகையாகும் பொருள்களும் வெளியேறிக் கரி மட்டும் மிஞ்சும். மூட்டத்தின் ஓரத்தில் இருந்த கட்டைகளோ, அவசரப்பட்டுப் பிரித்த மூட்டத்தின் கட்டைகளோ அரைகுறையாகவே வெந்திருக்கும். உங்கள் குழந்தைகளின் கண்ணைக் கரித்தது அந்தக் கட்டைகளில் மிஞ்சியிருந்த புகைதான்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். நன்றாக வெந்த கரி உலோகம்போலக் கணீரென்று ஒலிக்கும், வேகாததும் ஈரமானதும் மந்தமாகச் சத்தமிடும். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் முழுவதும் கறுப்பாகப் பளபளக்க வேண்டும், நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது இன்னும் விறகுதான். ஈரம் இன்னொரு வகையில் உங்கள் பணத்தைத் தின்னும். மூட்டத்தை அணைக்கத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு, கரி தானாகவும் ஈரத்தை இழுக்கும். 20 கிலோ மூடையில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தாலும் 2 கிலோ தண்ணீருக்குக் கரியின் விலையைக் கொடுக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த இருப்பை விற்கும் மாதங்களில் இது இன்னும் கூடும். மேலே நல்ல கட்டையும் அடியில் தூளுமாக வராதிருக்க, பாதி மூடையைச் சாக்கு விரித்துக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவர் இதைக் கேட்பதில் தவறே இல்லை.

அடிமரத்துத் தூர்க்கரி கனமாக இருக்கும், மெதுவாகப் பற்றி நெடுநேரம் நிற்கும். குச்சிக்கரி சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் சாம்பலாகும். பெரிய கூட்டத்துக்கு இரண்டையும் கலந்து வாங்குவது நல்லது. கணவாயையும் இறாலையும் சில நிமிடங்களில் சுட்டெடுக்கச் சிரட்டைக்கரி மிகவும் ஏற்றது, ஏனென்றால் அவை நீண்ட நேரம் கிடந்தால் ரப்பர்போல் ஆகிவிடும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ கரி என்று வைத்துக்கொண்டால் நடுவில் தட்டுப்பாடு வராது.

பைக் கரியே வாங்குவதானால், நிகர எடை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு எண் ஆகியவை மேலே அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எடை குறைந்தாலோ முத்திரையில்லாத தராசில் நிறுத்தாலோ நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

பற்றவைக்க மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம். காய்ந்த பனையோலையும் நாலைந்து சிரட்டையும் போதும். கரியின் மேல் வெண்சாம்பல் பூத்த பிறகு மீனை வையுங்கள். தட்டைச் சுட வைத்து எண்ணெய் தடவியிருந்தால், ஒரு பக்கம் வெந்ததும் தோல் கம்பியை விட்டுத் தானாகவே கழன்று வரும், அதற்கு முன் இழுத்தால் பிய்ந்துபோகும். மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பை அறைக்குள் தூக்கிச் செல்லாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும்.

கேள்வி: மே மாதம் பள்ளி விடுமுறையில் மதுரையிலிருந்து குடும்பமாகப் பாம்பன் வருகிறோம். உறவினர் வீட்டு முற்றத்தில் மீன் சுட எண்ணம். கரையிலேயே வாங்கினால் மலிவாக இருக்குமா? (மதுரை வாசகர்)

பதில்: அந்த மாதத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும், விலையும் ஏறியிருக்கும். ஆனால் நாட்டுப்படகு போன அன்றோ மறுநாளோ திரும்பிவிடும் என்பதால் மீன் புதிதாகவே இருக்கும். கொடுக்கிற விலைக்கு அது தகுதியானதே.

வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்காதீர்கள். முழுதாகச் சுடுவதற்கு விளைமீனும் பாறையும் சங்கராவும் ஏற்றவை. தோல் தடிப்பானது, சதை உதிராது. நெய்ப்பிடிப்புள்ள மத்தி விலையும் குறைவு, தணலில் அதற்கு ஈடான மணமும் வேறு மீனுக்கு இல்லை என்பது என் எண்ணம். கரையில் கூறு வைத்து விற்கும்போது மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல் அடியில் கிடப்பதையும் புரட்டிப் பாருங்கள். கண் குழிவிழாமல் துருத்தித் தெளிந்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், அழுத்திய விரலின் பள்ளம் உடனே நிமிர வேண்டும். புதுக் கணவாயின் தோலில் புள்ளிகள் தெளிவாகத் தெரியும், பழையதன் சதை இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். நண்டு கையில் எடுத்தால் கனக்க வேண்டும். விலை பேசுவது முழு மீனுக்கா, சுத்தம் செய்ததற்கா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். ஐஸ் பெட்டி கொண்டுவருவதும், மசாலா தடவிய பச்சை மீன் இருந்த தட்டில் சுட்ட மீனை வைக்காதிருப்பதும், வருகிற குழந்தைகளின் வயிற்றுக்காகச் செய்ய வேண்டியவை.

கேள்வி: இணையத்தில் 2000 வாட் மின்சார கிரில் வாங்கினேன். தட்டின் கம்பிகள் துருப்பிடித்து வந்தன, கால்களில் ஒன்று இல்லை. 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் போட்டிருப்பதாகச் சொல்லி விற்றவர் மறுக்கிறார். (மண்டபம் வாசகர்)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவும் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பெட்டியையும் துருவையும் பில்லையும் படம் எடுத்து, அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க உரிமை உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை.

மாற்றுப் பொருள் வந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2000 வாட் கிரில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலோ அதைப் போடக் கூடாது, 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்.

கேள்வி: படகுக்காரர் ஒருவர், ஆளுக்கு இவ்வளவு என்று பேசி, எங்கள் நண்பர் குழுவைத் தீவுக்கு அழைத்துப்போய் அங்கேயே மீன் சுட்டுத் தருவதாகச் சொல்கிறார். முன்பணம் கொடுக்கலாமா? (பரமக்குடி வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியில்லாமல் இறங்குவதே குற்றம், அங்கே தீ மூட்டுவதும் குற்றம். சட்டத்துக்குப் புறம்பான பயணத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி பிறகு எந்த ஆணையத்திடமும் போய் நிற்க முடியாது. யாராவது ஆமை இறைச்சி தருவதாகச் சொன்னாலும் அப்படியே விலகிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குகிறவரும் குற்றவாளிதான்.

நண்பர்களோடு கடலைப் பார்த்துக்கொண்டே சுட வேண்டும் என்றால், கரையோரத்தில் உறவினர் தோப்போ, அனுமதி தரும் விடுதியின் முற்றமோ கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஓலைக் கொட்டகையையும் வலைக் குவியலையும் நோக்கிக் காற்று வீசும் இடத்தில் அடுப்பை வைக்காதீர்கள், பொறி பறக்கும். முடிந்ததும் தணலை மணலில் புதைத்துவிட்டு வருவது இங்கே பலரிடம் உள்ள பழக்கம். மேலே குளிர்ந்து தெரிந்தாலும் உள்ளே வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும் அந்த இடத்தில் மறுநாள் விடியலில் வலை இழுக்க வருகிறவர் வெறுங்காலோடு மிதிப்பார். ஆகவே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணைத்து, கரியையும் சாம்பலையும் ஓர் இரும்பு வாளியில் அள்ளிக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.