காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை

கேள்வி: உப்புவெளியில் வசிக்கிறேன், வயது 46. நான்கு கிழமைகளுக்கு முன் வந்த கடும் தடிமனும் காய்ச்சலும் ஐந்து நாளில் மாறிவிட்டன. வறட்டு இருமல் மட்டும் நிற்கவில்லை. அடுப்புப் புகை பட்டாலே தொடங்கிவிடுகிறது. மருந்துக்கடையில் இருமுறை அன்டிபயோட்டிக் வாங்கிக் குடித்தும் பயனில்லை. மூச்சுக்குழாய் நிரந்தரமாகப் பழுதாகிவிட்டதா, டொக்டர்?

பதில்: பழுதடைந்திருக்கும், ஆனால் நிரந்தரமாக அல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள பிசிர்க்கலம் ஒவ்வொன்றிலும் மயிர் போன்ற 200 வரையான நுண்பிசிர்கள் இருக்கின்றன. அவை செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டை நோக்கித் தள்ளுகின்றன. இன்புளுவென்சா போன்ற வைரசுகள் இக்கலங்களையே தாக்குவதால் அவை உரிந்து சளியோடு வெளியேறிவிட, அவற்றுக்குக் கீழே அடிமென்சவ்வு என்னும் மெல்லிய படலத்தை இறுகப் பற்றியிருக்கும் அடிக்கலங்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. காயத்தின் ஓரத்திலுள்ள அடிக்கலங்கள் சில மணித்தியாலங்களிலேயே தட்டையாகி, ஊர்ந்து சென்று வெற்றிடத்தை மூடுகின்றன; ஓரிரு நாட்களில் பிரிந்து பெருகவும் தொடங்குகின்றன. ஆனால் மூடியது போதாது. அவற்றுள் சில சளி சுரக்கும் கலங்களாகவும் சில பிசிர்க்கலங்களாகவும் முதிர்ந்து, பிசிர்கள் முளைத்து, எல்லாம் ஒரே திசையில் அடிக்கக் கிழமைக்கணக்கில் ஆகும். அதுவரை சளியை அகற்றும் பாரம் இருமலின் மேலேயே விழுகிறது. அழற்சியால் கூருணர்வடைந்த நரம்பு நுனிகளும் சிறு புகைக்கே இருமலைத் தூண்டிவிடுகின்றன. இது எட்டுக் கிழமை வரை நீடிப்பதுண்டு.

அன்டிபயோட்டிக் பக்டீரியாவைக் கொல்லுமே தவிர, கலங்களை வளர்க்காது. மூன்றாம் முறை வாங்க வேண்டாம். வேது பிடிப்பதால் சற்று இதமாக இருக்கலாம், அவ்வளவுதான். கொதிநீர்ப் பானை சரிந்து வெந்துபோகும் ஆபத்தும் உண்டு. கொத்தமல்லித் தண்ணீருக்குத் தடையில்லை. உண்மையில் தவிர்க்க வேண்டியது புகையையே: விறகடுப்பு, நுளம்புத்திரி, வளவில் எரிக்கும் குப்பை, வீட்டிலுள்ளவர்களின் சிகரெட். புகை பிசிர்களின் அசைவைத் தளர்த்துகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், அடிக்கலங்கள் பிசிர்க்கலங்களுக்குப் பதிலாகப் பிசிரற்ற தட்டைக்கலங்களையே உருவாக்கத் தொடங்கும். கச்சான் காற்று புழுதி கிளப்பும் நாட்களில் வெளியே போவதானால் முகக்கவசம் அணியுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருமலுக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்வது இலங்கையில் வழமை. அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அதை இலவசமாகச் செய்துகொள்ளலாம், இந்தக் கிழமையே செய்யுங்கள். சளியில் இரத்தம், பின்னேரக் காய்ச்சல், உடல் மெலிவு, மூச்சிழுப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில் குடிப்பவராயின் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அம்மருந்தாலும் வறட்டு இருமல் வரும், ஆனால் நீங்களாகவே அதை நிறுத்தக் கூடாது.