விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு இயற்பியல், வேதியியல் எடுக்கும் ஆசிரியருக்குப் பணியிடைப் பயிற்சி உதவுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தாவரவியல் படித்துப் பட்டதாரி ஆசிரியராக வந்திருக்கிறீர்கள், சின்ன உயர்நிலைப் பள்ளி, அறிவியலுக்கு நீங்கள் ஒருவர்தான், அதனால் ஒன்பது பத்தாம் வகுப்புக்கு இயற்பியலும் வேதியியலும் உங்கள் தலையில். பயிற்சிகளுக்குப் போனால் அதற்கான தைரியம் வருமா என்று கேட்கிறீர்கள்.

வரும். ஆனால் எல்லாப் பயிற்சியிலும் வராது. நான் விலங்கியல் படித்தவள், ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் சில வருடங்கள் மின்னோட்டவியலைச் சூத்திரம் எழுதிக் கணக்குப் போட்டே ஓட்டினேன். பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் பயம், எவனாவது எழுந்து "ஏன் டீச்சர்?" என்று கேட்டுவிடுவானோ என்று. அந்த வருடங்களில் படித்த பிள்ளைகளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

பயிற்சிகள் நிறையப் போயிருக்கிறேன். பெரும்பாலும் மேலே ஒரு இடத்தில் செய்துகாட்டியது மாவட்டத்துக்கு வரும்போது வீடியோவாகி, வட்டாரத்துக்கு வரும்போது ஸ்லைடாகி, நம் கைக்கு வரும்போது வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் ஆகிவிடும். பயிற்சி கொடுக்க வரும் கருத்தாளர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கும் ஒருநாள்தான் கொடுத்திருப்பார்கள், பொருளும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருளைக் கையால் தொடாத பயிற்சி அறிவியல் ஆசிரியருக்கு எதையும் மாற்றாது, இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

என்னை மாற்றியது ஒரு இரண்டு நாள் பயிற்சி. வந்தவர் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், அதில் மிதக்கிற எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்துக்குள் நாலைந்து கருங்கல். தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுவிட்டுக் கேட்டார்: "கல்லை எல்லாம் எடுத்து இதே தண்ணிக்குள்ள போட்டா மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? எழுதி வைங்க." நான் ஏறும் என்று எழுதினேன். அறையில் பாதிக்கு மேல் அதைத்தான் எழுதியிருந்தார்கள், இயற்பியல் படித்தவர்களும் சேர்த்து. அவர் உடனே விடை சொல்லவில்லை, அரை மணி நேரம் எங்களைச் சண்டை போட விட்டார். அப்புறம் கல்லைப் போடச் சொன்னார். மட்டம் இறங்கியது.

கல் கிண்ணத்தில் மிதக்கும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது, ஒரு கிலோ கல் என்றால் ஒரு லிட்டர். மூழ்கிவிட்டால் தன் பருமனை மட்டும்தான் விலக்கும். கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு, ஆகவே அதே ஒரு கிலோ கல் விலக்குவது 370 மில்லி லிட்டர் அளவுதான். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை அத்தனை வருடம் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தும் எனக்கு அது அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடத்துக்கு இதையே செய்தேன். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் ஒருவன் சட்டென்று சொன்னான், "வள்ளத்துல இருந்து நங்கூரத்தை இறக்குனா வள்ளம் மேல வரும்ல டீச்சர், அப்ப தண்ணி இறங்கத்தான செய்யும்." பழைய நானாக இருந்தால் சரி என்று சொல்லி உட்கார வைத்திருப்பேன். இப்போது, "இறங்குன நங்கூரமும் தண்ணிக்குள்ள இடம் பிடிக்குமே, அது எங்கே போச்சு?" என்று திருப்பிக் கேட்க முடிந்தது. பயிற்சி எனக்குக் கொடுத்தது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். நானே தப்பாக எழுதி, மற்ற ஆசிரியர்களோடு வாதாடித் தோற்றிருக்காவிட்டால் அது வாயில் வந்திருக்காது.

அதற்கப்புறம் சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் இருக்கிற அறிவியல் ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய, சோதனை செய்தே அறிவியல் கற்பிக்கும் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் ஆசிரியர்கள் இப்படி மாதாமாதம் கூடுவார்கள் என்று படித்திருந்தேன், அது தந்த ஆசைதான்.

ஒருமுறை ஸ்ட்ராவில் திரவமானி, அதாவது திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி, செய்தோம். அடியைக் களிமண்ணால் அடைத்து, சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு இரண்டு மூன்று போட்டால் நேராக நிற்கும். நல்ல தண்ணீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான் வேண்டும், எங்கள் ஊர்க் கிணறு எல்லாம் உப்பு. குடிநீரில் 10 செ.மீ. மூழ்கியது. கடல்நீரில் விட்டால் வித்தியாசமே தெரியவில்லை. சோதனை கெட்டுப்போச்சு என்று எடுத்து வைக்கப் போனேன். கூட இருந்த கணக்கு ஆசிரியர், எவ்வளவு வர வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள் என்றார். அடர்த்தி எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு குறைவாக மூழ்கும். கடல்நீர் அடர்த்தி நல்ல தண்ணீரைப் போல சுமார் 1.025 மடங்கு, பத்தை அதால் வகுத்தால் 9.75 செ.மீ. வெறும் இரண்டரை மில்லிமீட்டர்! அதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்ததுதான் தப்பு. உப்பளத்தில் கடைசிப் பாத்தித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வந்தோம், அதில் விட்டதும் பளிச்சென்று மேலே வந்தது, 8.3 செ.மீ. பக்கம்தான் மூழ்கியது.

உப்பளத்தில் டிகிரி பார்ப்பது இதே கருவியால்தான். அந்த டிகிரிக்குப் போமே அளவு என்று பெயர், அடர்த்தி கூடக்கூட அதுவும் ஏறும். கடல்நீர் அதில் மூன்று, மூன்றரை இருக்கும். இருபத்தைந்து பக்கம் வந்தால் உப்பு படிய ஆரம்பிக்கும். முப்பதை நெருங்கினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும் என்று தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். 25 டிகிரி என்றால் அடர்த்தி 1.21 அளவு. பத்தாம் வகுப்பில் 'கரைசல்கள்' எடுக்கும்போது தெவிட்டிய கரைசலுக்கு, அதாவது இதற்கு மேல் உப்பு கரையாது என்ற நிலைக்கு, இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது, பாதிப் பேர் வீட்டில் உப்பு வாருகிறார்கள்.

சரி, நீங்கள் எங்கே ஆரம்பிப்பது? உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் பாடத்தில் ஆரம்பியுங்கள். எனக்கு அது மின்சுற்று. தொடரிணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் 'தின்றுவிடும்', அடுத்ததற்குக் குறைவாகத்தான் போகும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன், பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஒரே மாதிரி இரண்டு பல்பைத் தொடரில் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே வெளிச்சம்தான். எல்இடி வேண்டாம், பழைய 2.5 வோல்ட் டார்ச் பல்பு தேடி வாங்குங்கள், கூட மூன்று பேட்டரி. பல்பு கிடைக்காவிட்டால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தில் திரையிலேயே மின்சுற்று அமைத்துப் பார்க்கலாம், காசு கிடையாது, ஆனாலும் அதைக் கைச்சோதனைக்கு அப்புறம்தான் திறப்பேன்.

பயிற்சிக்கு ஓ.டி.யில் (பணி நிமித்தமாக, ஆன் டியூட்டி) போகும்போதும் இப்படி ஒரு சந்தேகத்தை எழுதி எடுத்துப் போங்கள். கருத்தாளரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் டீக்குடிக்கும் நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள், அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இருக்கும் மூன்று பேரை நான் அப்படித்தான் பிடித்தேன். பதிலுக்கு அவர்கள் என்னிடம் கேட்பது மரபியல்.