கோழியின் நிறம் இனத்தைச் சொல்லாது

கேள்வி: வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் அருகே வசிக்கிறேன். 'சுத்தமான சிறுவிடை' (சிறிய உடலுள்ள நாட்டுக்கோழி வகை) என்று சந்தையில் சொன்னதை நம்பி, சில பெட்டைகளையும் ஒரு சேவலையும் வாங்கி வளர்க்கிறேன். ஒரு பெட்டை முழுக் கறுப்பு; அதைக் கடக்நாத் என்கிறார்கள். இன்னொன்றுக்குக் கழுத்தில் இறகில்லை. ஆனால் அதன் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் தாயைப் போல இருக்கின்றன. பெரிய பழுப்புப் பெட்டை ஒன்று அடை படுப்பதே இல்லை. இவை என்ன இனம்? குஞ்சுகளைச் சிறுவிடை என்று விற்கலாமா?

பதில்: புறக்கடைக் கோழியின் இனத்தை அறிய இறகின் நிறம் மிகக் குறைவாகவே உதவும். காகம், வல்லூறு, கீரி, மயில் எனச் சேவல் வளர்ப்போர் வழங்கும் பெயர்கள்கூட நிறத்தைக் குறிப்பவையே. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் மூன்று நான்கு நிறங்களில் வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உடற்கட்டு, கொண்டை, தோல், அடை படுக்கும் குணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

கறுப்புப் பெட்டையைக் கையில் பிடித்து அலகைத் திறந்து நாக்கைப் பாருங்கள். பிறகு நெஞ்சு இறகுகளை விலக்கித் தோலைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு உரிய, 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற கடக்நாத்தில் நாக்கு, தோல், கால், இறைச்சி அனைத்திலும் கருமை படிந்திருக்கும். கொண்டை நல்ல சிவப்பாகவும் தோல் வெளுப்பாகவும் இருந்தால், உங்களிடம் இருப்பது கறுப்பு இறகுள்ள நாட்டுக்கோழிதான். தோல் திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம் காட்டினால் கடக்நாத் கலப்பு என்று கொள்ளலாம். முட்டையை வைத்துச் சோதிக்க வேண்டாம். கடக்நாத்தின் முட்டை வெளிர் பழுப்புதான், கறுப்பு என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

கழுத்தில் இறகில்லாத கோழியைக் கழுத்தறுத்தான் என்பார்கள். இறகின்மைக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் கழுத்து ஏறத்தாழ முழுவதும் வெறுமையாக இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் கழுத்தின் முன்புறம், அடிப்பகுதியில், சிறு இறகுக் கொத்து ஒன்று நிற்கும். உங்கள் பெட்டையிடம் அந்தக் கொத்து இருக்கும் என்றே எண்ணுகிறேன். ஏனெனில் அத்தகைய பெட்டை சாதாரணச் சேவலோடு சேர்ந்தால் குஞ்சுகளில் சுமார் பாதிக்கே வெறுங்கழுத்து வரும். பொரித்த அன்றே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். இது நோயும் அன்று, குறையும் அன்று. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பகுதியில், உடல் வெப்பத்தை எளிதில் வெளியேற்றும் இந்தக் கோழியைக் கழித்துவிடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

பழுப்புப் பெட்டையைப் பற்றித்தான் எனக்கு ஐயம் அதிகம். சிறுவிடைப் பெட்டை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடைக்குள் நிற்கும். சில முட்டைகள் இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகள்தான் இடும். எடை கூடுதலாக இருந்து, அடை படுக்காமல் தொடர்ந்து முட்டையிடும் பெட்டை, புறக்கடை வளர்ப்புக்கென ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா அல்லது பெங்களூருவின் கிரிராஜா ஆகிய மேம்படுத்திய கோழிகளின் வழியில் வந்ததாக இருக்கலாம். நீண்ட கால், நிமிர்ந்த நிலை, தலையோடு ஒட்டிய சிறு கொண்டை, கெட்டியான நெஞ்சு ஆகியவை இருந்தால் மட்டும், சண்டைக்கோழி இனமான அசில் வகையைச் சேர்ந்த பெருவிடையை நினையுங்கள்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் குஞ்சுகளை நாட்டுக்கோழிக் கலப்பு என்று சொல்லி விற்பதே முறை. சிறுவிடை என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், அடுத்த தலைமுறையில் அடை படுக்காத பெட்டைகளைக் கண்டு ஏமாறுவார். சிறுவிடையாகவே பெருக்க விரும்பினால், அடை படுத்துக் குஞ்சுகளை நன்கு காக்கும் சிறிய பெட்டைகளைத் தனியே பிரித்து, அதே உடற்கட்டுள்ள சேவலை அவற்றோடு விடுங்கள். சேவலைத் தேர்ந்தெடுக்க விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரங்கள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், அதைப் பிரித்து நான்கு வாரங்கள் கழிந்த பின் இடும் முட்டைகளை மட்டுமே அடைக்கு வையுங்கள்.